பழைய சொப்பு டீ செட்டுகளைச் சேகரிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பெரியவர்கள் புழங்கிய பீங்கான் டீ செட்டை அப்படியே சுருக்கி, குழந்தை கையில் பிடிக்கும் அளவுக்குச் செய்த சொப்புகள் 18ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்துவிட்டன. உடையக்கூடிய பொருள், அதுவும் குழந்தைகள் கையில். இருந்தும் நூற்றைம்பது வருடம் தாண்டி, மூடி தொலையாமல் ஒரு டீபாட் நம்மிடம் வந்து சேர்கிறது என்றால், வழியில் பல பேர் அதைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். சேகரிப்பவர் அந்த வரிசையில் அடுத்த ஆள். அதனால்தான் இதை நிதானமாக, தெரிந்து செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

புதிதாக வருகிறவர்கள் பலரும் பொருளை எடுத்தவுடன் கவிழ்த்து அடியில் என்ன முத்திரை இருக்கிறது என்று பார்க்கிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் அளவு, அப்புறம் மண், அதன்மேல் படத்தை அச்சிட்ட விதம், வடிவம். முத்திரையைக் கடைசியாகப் பாருங்கள். முத்திரையைப் போலியாகப் போடுவது சுலபம். மண்ணையும் மெருகையும், அதாவது மேலே சூளையில் சுட்ட கண்ணாடிபோன்ற பூச்சையும், போலி செய்வது அவ்வளவு சுலபமில்லை.

முதல் படி: எந்த அளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிறிய டீ செட்டுகள் எல்லாமே ஒரே வகை கிடையாது. மூன்று அளவுகள் உண்டு. முதலாவது, குழந்தையே டீ ஊற்றிக் குடித்து விளையாடுவதற்கான செட். இதில் டீபாட் பொதுவாக 9 முதல் 14 செ.மீ. உயரம், கப் ஏறக்குறைய 5 செ.மீ. உயரம், சாஸர் 10 முதல் 12 செ.மீ. அகலம் இருக்கும். இரண்டாவது, பொம்மைக்கு டீ கொடுப்பதற்கான செட். கப் கட்டைவிரல் நுனியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், டீபாட் 5 முதல் 8 செ.மீ. வரை போகும். மூன்றாவது பொம்மை வீட்டுக்கானது. 1:12 என்ற விகிதத்தில் செய்த பொம்மை வீட்டில் ஒரு கப் ஒரு செ.மீ. உயரம்கூட வராது. லண்டன் அருகே விண்ட்சர் கோட்டையில் இருக்கும், 1921-க்கும் 1924-க்கும் இடையில் கட்டப்பட்ட ராணி மேரியின் பொம்மை வீடு இந்த விகிதத்தில் செய்யப்பட்டதுதான்.

இவற்றைத் தவிர, சொப்பு மாதிரியே தோன்றி ஆளை ஏமாற்றும் பொருட்கள் உண்டு. காபி குடிக்கும் குட்டிக் கப்புகள், ஒரே ஆளுக்கான சின்ன டீபாட், அலமாரியில் வைத்து அழகு பார்க்கப் பெரியவர்களுக்கென்றே செய்த குட்டிப் பீங்கான் எல்லாம் இந்த ரகம். இவற்றை அடையாளம் காண நான் பார்ப்பது விகிதம். சொப்பு செட்டில் எல்லாப் பொருளும் ஒரே அளவுக்குச் சுருங்கியிருக்கும். டீபாட் சின்னது, ஆனால் கப் மட்டும் 6 செ.மீ.க்கு மேல் உயரம் என்றால் கேள்வி கேளுங்கள். சிலர் விற்பனைப் பிரதிநிதி கையில் கொண்டுபோன மாதிரிப் பொருள் என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். அதற்கு எழுத்தில் ஆதாரம் காட்டாவிட்டால் சொப்பு என்றே வைத்து விலை பேசுங்கள்.

இரண்டாம் படி: ஒரு செட்டில் என்னென்ன இருந்தன

முழு செட் எது என்று தெரியாமல் வாங்கினால் எது குறைகிறது என்றே தெரியாது. 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய சொப்பு செட் ஒன்றில் மூடியோடு டீபாட், மூடியோடு சர்க்கரைக் கிண்ணம், பால் ஜக், நான்கு அல்லது ஆறு கப்பும் சாஸரும், கேக் வைக்க ஒன்றோ இரண்டோ தட்டு இருக்கும். இவற்றோடு ஒரு திறந்த கிண்ணமும் வரும். அதைச் சர்க்கரைக் கிண்ணம் என்று நினைத்து மூடியைத் தேடி அலைகிறவர்கள் உண்டு. உண்மையில் அது ஆறிப்போன டீயையும் கப்பின் அடியில் தங்கும் சக்கையையும் கொட்டுவதற்கான கிண்ணம். அதற்கு மூடியே கிடையாது. நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கிண்ணம் செட்டிலிருந்து மெல்ல மறைந்துவிடுகிறது. எனவே அது இருந்தால் செட்டுக்கு வயது கொஞ்சம் கூடுதல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சர்க்கரைக் கிண்ணத்தின் அளவும் பேசும். அந்தக் காலத்தில் சர்க்கரை கூம்பு வடிவக் கட்டியாக வந்தது. அதை உடைத்துத் துண்டுகளாகப் போட்டார்கள். துண்டு கொள்ள வேண்டுமென்றால் கிண்ணம் பெரிதாக இருக்க வேண்டும். பெரியவர்கள் செட்டில் அப்படி இருந்ததால் சொப்பிலும் கிண்ணம் டீபாட்டுக்குச் சற்றுத்தான் சிறியது. கைப்பிடி இல்லாத கப், சீனத்து வழக்கத்தைப் பின்பற்றியது. 18ஆம் நூற்றாண்டில் அது சகஜம். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் அப்படிப்பட்ட கப்புகள் வந்துகொண்டிருந்தன. ஆகவே இதை மட்டும் வைத்து வயதைக் கணிக்க வேண்டாம்.

டீ செட்டைப் போலவே இரவு உணவு செட்டும் உண்டு. மூடிபோட்ட சூப் பாத்திரம், நீளத் தட்டுகள், குழம்பு ஊற்றும் கிண்ணம், அடுக்கடுக்காகத் தட்டுகள் எல்லாம் சொப்பு அளவில் வரும். தனியாக விற்கப்படும் ஒரு தட்டு டீ செட்டுடையதா, உணவு செட்டுடையதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாம் படி: ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் சேர்க்க ஆசைப்பட்டால் கண் பழகவே பழகாது. ஒரு நாடு, ஒரு காலம், அல்லது ஒரே வகை அலங்காரம் என்று ஆரம்பியுங்கள்.

பலர் தொடங்குவது இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில். ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட்டைச் சுற்றியிருந்த சூளைகள் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் குழந்தைகள் செட்டுகளைச் செய்து தள்ளின. ஸ்போட், மிண்டன், டாவன்போர்ட், வெட்ஜ்வுட் போன்ற பெரிய பெயர்களும் செய்தன. பின்னாளில் எட்ஜ் மால்கின், சார்ல்ஸ் ஆலர்டன் போன்றவர்களும் செய்தார்கள். நீல வில்லோ அலங்காரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே உருவானது. சீனப் படங்களைப் பார்த்து ஆங்கிலேயர்கள் தாங்களே கோர்த்த காட்சி அது. பாலம், மூன்று உருவங்கள், இரண்டு பறவைகள், வில்லோ மரம் எல்லாம் ஒரு சொப்பு சாஸருக்குள் சுருங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே அலுக்காது.

ஏன் அவ்வளவு நீலம்? கோபால்ட் ஒன்றுதான் மெருகுக்கு அடியில் இருந்து சூளையின் சூட்டை நம்பகமாகத் தாங்கியது. பச்சை, சிவப்பு, பழுப்பு போன்ற நிறங்களில் மெருகுக்கு அடியில் அச்சிடுவது 1820-களின் இறுதியில்தான் பரவியது. ஊதா அல்லது பச்சை அச்சில் ஒரு சொப்பு செட் கிடைத்தால் அது அதற்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஜெர்மனியின் பாதை வேறு. துரிங்கியா மலைப் பகுதியில் விறகும் தண்ணீரும் மண்ணும் இருந்தன. மைசன் நகரில் 1710-இல் தொடங்கிய பீங்கான் ஆலை ரகசியத்தைப் பூட்டிவைத்திருந்தாலும், துரிங்கியாவில் 1760 வாக்கில் கேயார்க் ஹைன்ரிக் மாஹலைட் தானாகவே பீங்கான் செய்யும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த நூற்றாண்டில் அங்கே ஆலைகள் பெருகின. பக்கத்திலேயே பொம்மைத் தொழிலின் பெரிய மையமான சோன்னெபெர்க் நகரம் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? கிறிஸ்துமஸ் பரிசாக அட்டைப் பெட்டியில் நூலால் கட்டி வைத்த பீங்கான் செட்டுகள் கப்பல் கப்பலாக அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் போயின. விளையாடும் குழந்தைகள், பூனை, நாய், பூங்கொத்து என்று படம் ஒட்டி, விளிம்பில் தங்கம் பூசியிருப்பார்கள்.

பிரான்ஸில் லிமோஜ் அருகே சேன்-திரியே ஊரில் 1768-இல் வெண்களிமண் கிடைத்தது. அதன்பிறகு அங்கே உயர்ந்த பீங்கான் பிறந்தது. ஆனால் குழந்தைகள் செட் என்று தேடினால் சார்கெமீன், கிரெய்-மோந்தரோ போன்ற ஆலைகளின் பால்நிறச் சுட்டமண் செட்டுகளையும் பாருங்கள். அச்சுப் படங்கள் அருமையாக இருக்கும், அழகிய பெட்டிகளில் வந்தவையும் உண்டு. ஜப்பானிய செட்டுகளில் 1920-களிலும் 30-களிலும் வந்த, முத்துப்போல் மினுக்கும் லஸ்டர் பூச்சுச் செட்டுகள் எளிதில் கிடைப்பவை. புதியவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன். இழப்பு பயமில்லாமல் கையில் எடுத்துப் பழகலாம்.

கடைசியாக 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பீங்கான் சொப்புகள். வூஸ்டர், லோஸ்டாஃப்ட், காஃப்லி ஆலைகள் நீலத்தில் செய்தவை. அபூர்வம். ஒற்றைக் கப்பும் சாஸரும் கிடைப்பதே பெரிது. கண் நன்றாகப் பழகிய பிறகு வாருங்கள்.

வாங்குவதற்கு முன் பார்ப்பதற்கு லண்டனின் யங் வி அண்ட் ஏ, ஸ்டோக்-ஆன்-ட்ரெண்ட்டின் பாட்டரீஸ் அருங்காட்சியகம், அமெரிக்காவின் ராசெஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகம் போன்றவை இருக்கின்றன. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் தொகுப்பை இணையத்தில் தேடலாம். அளவும் காலமும் அங்கே எழுதியிருக்கும். அவற்றை உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: மண்ணைப் படியுங்கள்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஒரு சின்ன டார்ச், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், அளவுகோல் மூன்றும் போதும்.

சாஸரின் பின்னால் டார்ச்சைப் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவி வந்தால் அது பீங்கான் அல்லது எலும்புச் சாம்பல் கலந்த போன் சைனா. வராவிட்டால் சுட்டமண் வகை. பெரும்பாலான ஸ்டாஃபர்ட்ஷயர் சொப்புகள் இந்த இரண்டாம் வகை. ஜெர்மன் பீங்கான் கொஞ்சம் குளிர்ந்த, நீலம் கலந்த வெண்மையாக இருக்கும். போன் சைனா பாலின் வெண்மை. எங்காவது சில்லு பெயர்ந்திருந்தால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன், ஏனென்றால் உள்ளே பார்க்கலாம். பீங்கானின் உடைந்த இடம் கண்ணாடிபோல் பளபளக்கும், அழுக்கு ஏறாது. சுட்டமண் உடைந்த இடம் சொரசொரப்பாக, பழுப்பேறி இருக்கும்.

அடி வளையத்தைக் கவனியுங்கள். மெருகு தேங்கி நிற்கும் அந்த மூலையில் லேசான நீலம் தெரிந்தால் பேர்ல்வேர் எனப்படும் வகை. வெட்ஜ்வுட் 1779-இல் இதைத் தன் பெயரில் கொண்டுவந்தார். 19ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியில் எல்லோரும் செய்தார்கள். மெருகு மஞ்சளாகத் தேங்கினால் கிரீம்வேர், இன்னும் பழையதாக இருக்கலாம். கனமாக, கல்போல் இருந்தால் அயர்ன்ஸ்டோன். சார்ல்ஸ் ஜேம்ஸ் மேசன் 1813-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். சாஸரின் அடியில் மூன்று சிறிய புள்ளி வடுக்கள் இருந்தால் பயப்பட வேண்டாம். சூளையில் பொருட்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க வைத்த முக்காலிகளின் தடம் அது. நல்ல அறிகுறிதான்.

அடுத்து அச்சு. செப்புத் தகட்டில் செதுக்கி, மையிட்டு, மெல்லிய காகிதத்தில் எடுத்து, பாத்திரத்தில் ஒட்டி, காகிதத்தைக் கழுவிவிடுவது பழைய முறை. லென்ஸில் பார்த்தால் கோடுகளும் குத்துப் புள்ளிகளும் தெரியும். விளிம்பு அலங்காரம் சுற்றி வந்து சேரும் இடத்தில் ஒரு பூ பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். சொப்புகளில் இந்தப் பிசிறு அதிகம், ஏனென்றால் அத்தனை சின்ன வளைவில் காகிதத்தை ஒட்டுவது கஷ்டம். அந்தக் காகிதங்களைக் கத்தரித்தவர்கள் பெரும்பாலும் சிறுமிகள். 1841-இல் சாமுவேல் ஸ்க்ரிவன் என்ற அரசு அதிகாரி ஸ்டாஃபர்ட்ஷயர் சூளைகளில் வேலை செய்த குழந்தைகளிடம் நேரில் வாக்குமூலம் வாங்கி அறிக்கை எழுதினார். வசதியான வீட்டுக் குழந்தை விளையாடிய சொப்பில், அதே வயதுக் குழந்தையின் உழைப்பும் இருந்திருக்கலாம். இதைச் சொல்லாமல் இந்தப் பொருட்களைப் பற்றிப் பேசுவது சரியாகாது என்பது என் எண்ணம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல நிற ஒட்டுப்படங்கள் வந்தன. லென்ஸில் இவை சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரியும், விரலால் தடவினால் படத்தின் ஓரம் லேசாகத் தட்டுப்படலாம். கையால் தீட்டியதில் தூரிகையின் இழுப்பு தெரியும், கப்புக்குக் கப்பு படம் கொஞ்சம் மாறும்.

இளஞ்சிவப்பு லஸ்டர் தங்கத்திலிருந்து வருகிறது, வெள்ளி லஸ்டர் பிளாட்டினத்திலிருந்து. இரண்டும் மெருகுக்கு மேலே மெல்லிய படலமாக நிற்பதால் விளையாடிய செட்டில் கைப்பிடியிலும் விளிம்பிலும் தேய்ந்திருக்கும். எங்குமே தேயாமல் இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

ஐந்தாம் படி: இப்போது முத்திரை

அமெரிக்காவின் மெக்கின்லி வரிச் சட்டத்தின்படி 1891 முதல் இறக்குமதிப் பொருட்களில் எந்த நாட்டில் செய்தது என்று குறிக்க வேண்டும். அதனால் இங்கிலாந்து, ஜெர்மனி என்று நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. ஜப்பான் பொருட்களில் 1891 முதல் 1921 வரை நிப்பான் என்றும், அதன்பிறகு ஜப்பான் என்றும் வரும். ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான் என்ற வாசகம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1952 வரையிலான காலத்தது. மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி என்று பிரித்து எழுதியிருந்தால் 1949-க்குப் பிந்தையது.

முத்திரையே இல்லை என்றால் 1891-க்கு முந்தையது என்று முடிவுகட்டாதீர்கள். சொப்பு கப்பின் அடியில் முத்திரை போட இடமே இருக்காது. பல செட்டுகளில் டீபாட்டில் மட்டும், அல்லது பெட்டியின் மேல் மட்டும் நாட்டின் பெயர் இருந்தது. பெட்டி போய்விட்டால் அடையாளமும் போய்விட்டது.

ஆங்கிலேயப் பொருட்களில் 1842 முதல் 1883 வரை ஒரு வைர வடிவ முத்திரை வரும். உச்சியிலுள்ள வட்டத்தில் நான்கு என்ற ரோமன் எண் இருந்தால் மண்பாண்ட, பீங்கான் வகை. 1842 முதல் 1867 வரை அந்த எண்ணுக்கு நேர் கீழே, மேல் மூலையில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து இருக்கும். 1868-இலிருந்து ஆண்டு எழுத்து வலது மூலைக்குப் போய்விட்டது, மேல் மூலையில் தேதி எண் வந்தது. மேல் மூலையில் எழுத்தா எண்ணா என்று பார்த்தாலே எந்தக் காலகட்டம் என்று தெரிந்துவிடும். 1884 முதல் வைரத்துக்குப் பதில் தொடர் பதிவெண் வந்தது. ஒன்றை மறக்க வேண்டாம்: இது வடிவமைப்பைப் பதிவுசெய்த நாள்தான். அதே வடிவத்தைப் பல வருடம் கழித்தும் செய்திருப்பார்கள்.

ஆறாம் படி: பழுது பார்ப்பது

ஒவ்வொன்றாக எடுங்கள், கைப்பிடியைப் பிடித்துத் தூக்க வேண்டாம், அடியில் கை கொடுங்கள். டீபாட்டின் மூடியை முதலில் எடுத்துத் தனியே வையுங்கள். மூக்கு நுனி, மூடியின் உள்விளிம்பு, கைப்பிடி ஒட்டும் இடம், அடி வளையம் ஆகிய நான்கு இடங்களில்தான் பெரும்பாலான பழுதுகள் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் விளிம்பைச் சுற்றி வாருங்கள். கண்ணுக்குத் தப்பிய சில்லு விரலில் தட்டுப்படும்.

உள்ளங்கையில் வைத்து நகத்தால் லேசாகத் தட்டினால் நல்ல பீங்கான் மணிபோல் ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தால் ஒலி மந்தமாகிவிடும். சுட்டமண் எப்போதுமே கொஞ்சம் மந்தமாகத்தான் ஒலிக்கும், அதை விரிசல் என்று நினைத்துவிடக் கூடாது. டார்ச்சைக் கப்புக்குள் வைத்துச் சுற்றினால் விரிசல் கருங்கோடாகத் தெரியும்.

மெருகின் மேல்பரப்பில் வலைபோல் பின்னிய கோடுகள் விரிசல் அல்ல. மண்ணும் மெருகும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் வருவது. பழைய சுட்டமண்ணில் இது சகஜம். ஆனால் எல்லாக் கோட்டிலும் ஒரே சீராகப் பழுப்பு ஏறியிருந்தால், டீயில் ஊறவைத்து வயதாக்கிய புதுப் பொருளாக இருக்கலாம். ஒட்டுப்போட்டு மேலே சாயம் பூசிய இடம் தொட்டால் சுற்றியுள்ள பகுதியைவிட வெதுவெதுப்பாகவும் மிருதுவாகவும் இருக்கும். இருட்டில் புற ஊதா விளக்கு பிடித்தால் அந்த இடம் பெரும்பாலும் வேறு நிறத்தில் ஒளிரும்.

பழுதான பொருளை வாங்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். உலோகத் தையல் போட்டுச் சரிசெய்த பழைய டீபாட்டை நான் மதிப்போடு பார்க்கிறேன். ஒரு சொப்பை அவ்வளவு சிரமப்பட்டு யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள். பழுது எதுவென்று தெரிந்து, அதற்கேற்ற விலையில் வாங்கினால் சரி. மறைத்து விற்பதுதான் பிரச்சினை.

ஏழாம் படி: கலப்பு செட்டும் போலியும்

இரண்டு மூன்று செட்டுகளில் மிச்சமானதைச் சேர்த்து ஒரே செட்டாக விற்பது இந்தத் துறையில் மிகச் சாதாரணம். எல்லாப் பொருளையும் ஒரே வெளிச்சத்தில் வரிசையாக வைத்து நீலத்தின் அடர்த்தியைப் பாருங்கள். கைப்பிடிகளின் வளைவு ஒன்றா? சாஸரின் குழி கப்பின் அடியோடு பொருந்துகிறதா? மூடியைப் போட்டுச் சுழற்றிப் பாருங்கள். ஆடினாலோ, விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தாலோ அது வேறு பாத்திரத்தின் மூடி. சூளையில் நிறம் சற்று மாறுவது இயல்பு, அதனால் லேசான வித்தியாசத்துக்காக ஒதுக்க வேண்டாம். வடிவம் மாறினால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

போலிகளில் அதிகம் அடிபடுவது ஆர்.எஸ். பிரஷ்யா என்ற ஜெர்மன் முத்திரையும் நிப்பான் முத்திரைகளும். இன்றைய இறக்குமதியாளர்கள் உண்மையான நாட்டின் பெயரைக் காகித ஒட்டியில் மட்டும் போட்டு, மெருகில் பழைய முத்திரையை இடுகிறார்கள். ஒட்டியை உரித்துவிட்டால் கதை முடிந்தது. நீலம் மெருகில் கலங்கிப் பரவிய ஃப்ளோ புளூ வகையிலும் விக்டோரியா வேர் அயர்ன்ஸ்டோன் என்ற முத்திரையோடு நிறையப் புதுப் பொருள் உலவுகிறது. புதுப் பொருளில் அடி வளையம் சொரசொரப்பாக, வெள்ளைவெளேரென்று இருக்கும். கைப்பிடி சேரும் இடத்தில் உள்ளே துளை தெரிந்தால், அது வார்ப்பில் ஒரே துண்டாக எடுத்த புதுச் சரக்காக இருக்கலாம். படம் கோடு இல்லாமல் புள்ளிப்புள்ளியாக, ஆனால் முத்திரை மட்டும் 1830 என்று சொன்னால் முத்திரையை நம்ப வேண்டாம்.

தேய்மானம் பொய் சொல்லாது. சொப்புத் தட்டின் அடி வளையம் விளையாட்டில் மேசையில் உரசி ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது சுற்றிலும் ஒரே மாதிரி, ஒரே திசையில் கீறியிருக்கும்.

எட்டாம் படி: வாங்கும்போது

ஏலம், பழம்பொருள் கடை, வீட்டுச் சாமான் விற்பனை, இணையம் எல்லாவற்றிலும் கிடைக்கும். இணையத்தில் வாங்குவதென்றால் அளவுகோலோடு சேர்த்து எடுத்த படம், ஒவ்வொரு பொருளின் அடிப்பக்கப் படம், மூடியின் உள்பக்கப் படம் கேளுங்கள். விரிசல், ஒட்டு, சாயப் பூச்சு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஏலத்தில் இறுதி விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கட்டணம் சேரும். அதையும் கணக்கில் வைத்து உச்ச விலையை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அனுப்பும் முறையைப் பற்றி விற்பவரிடம் வெட்கப்படாமல் பேசுங்கள். மூடி டீபாட்டின் மேல் இருக்கக் கூடாது, தனியாகச் சுற்ற வேண்டும். கப்புக்குள் கப் அடுக்கக் கூடாது. பெட்டிக்குள் பெட்டி வைத்து நடுவில் மெத்தென்று நிரப்ப வேண்டும்.

அசல் பெட்டியோடு வந்தால் பெட்டியையும் பொருளாகவே மதியுங்கள். பொருட்களைக் கட்டியிருக்கும் பழைய நூலை அவிழ்க்க வேண்டாம். ரப்பர் பேண்ட் பின்னால் யாரோ போட்டது என்றால் அதை மட்டும் எடுத்துவிடலாம், ரப்பர் உருகிக் கறை பிடிக்கும்.

குறையும் செட்டை நிரப்புவதற்குப் பொறுமை வேண்டும். கப்பும் சாஸரும் தனியாகக் கிடைக்கும். மூடி மட்டும் கிடைப்பது மிக அரிது. எனவே இரண்டு கப் குறைவான, மூடிகள் முழுமையான செட்டை, ஆறு கப்போடு மூடியில்லாத செட்டைவிட முன்னே வைப்பேன். தேடும் பொருளின் அளவு, வடிவம், அச்சின் படம் எல்லாம் கைப்பேசியில் எப்போதும் இருக்கட்டும். பின்னால் சேர்த்தது எது என்று உங்கள் குறிப்பில் எழுதிவையுங்கள்.

ஒன்பதாம் படி: கழுவுவது

முதலில் ஈரப் பஞ்சுக் குச்சியால் மறைவான இடத்தில் தொட்டுப் பாருங்கள். மலிவான செட்டுகள் சிலவற்றில் சூளையில் சுடாத வண்ணம் பூசியிருப்பார்கள், தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். நிறம் ஒட்டினால் கழுவவே வேண்டாம், மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

மற்றவற்றைப் பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரும் ஒரு துளி மென்மையான சோப்பும் விட்டு, ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். கையில் மோதிரம் வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரம் கூடவே கூடாது. தங்கத்தையும் லஸ்டரையும் தேய்க்கக் கூடாது. ஒட்டுப்போட்டதை ஊறவைத்தால் பசை விட்டுவிடும்.

கறைபோக பிளீச் போடலாம் என்று பலர் சொல்வார்கள், போடாதீர்கள். அது மெருகின் கோடுகள் வழியே மண்ணுக்குள் போய் உப்பாகப் படியும். காய்ந்ததும் அந்த உப்பு மெருகைப் பெயர்த்துத் தள்ளும். கறையோடு வைத்திருப்பது அதைவிட எவ்வளவோ மேல். உண்மையிலேயே விலையுயர்ந்த பொருள் என்றால் பீங்கான் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள்.

இன்னொன்று முக்கியம்: 19ஆம் நூற்றாண்டு மெருகில் ஈயம் இருப்பது சகஜம். மேல்பூச்சு நிறங்களிலும் இருக்கலாம். இந்தக் கப்புகளில் யாரும் எதையும் குடிக்க வேண்டாம், குழந்தைகளிடம் விளையாடவும் கொடுக்க வேண்டாம். குழந்தை கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள், கதை சொல்லுங்கள். விளையாட இன்றைய புது செட் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடலாம்.

பத்தாம் படி: வைப்பதும் பதிவதும்

கண்ணாடி அலமாரி நல்லது. கதவைத் திறக்கும்போது அதிர்ந்தால் உள்ளே எல்லாம் மெல்ல நகரும். அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் மெழுகைச் சிறு உருண்டையாக அடியில் வைத்தால் நகராது. தங்கம் பூசிய இடத்திலும் சுடாத வண்ணத்திலும் மெழுகு படக் கூடாது. நேரடி வெயில் பெட்டியின் அட்டையையும் சுடாத வண்ணத்தையும் வெளுக்கும். கம்பிக் கொக்கியில் சாஸரைச் சுவரில் மாட்டினால் விளிம்பில் அழுத்தம் விழுந்து சில்லு பெயரும்.

எடுத்துவைப்பதென்றால் அமிலமில்லாத மெல்லிய காகிதத்தில் சுற்றுங்கள். செய்தித்தாளின் மை ஒட்டும். குமிழி பிளாஸ்டிக்கை நேரடியாகச் சுற்றி நாள்கணக்கில் வெக்கையில் வைத்தால் தங்கத்தின் மேல் வட்ட வட்டமாகத் தடம் விழலாம். காகிதத்தில் சுற்றிய பிறகு அதன் மேல் போடுங்கள்.

ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எத்தனை பொருள், ஒவ்வொன்றின் அளவு, மண் வகை, அச்சு, முத்திரை, பழுது, யாரிடமிருந்து எப்போது வாங்கியது, என்ன விலை என்று எழுதிப் படம் ஒட்டுங்கள். விற்றவர் யாருடைய வீட்டில் இருந்தது, எந்தக் குழந்தையினுடையது என்று சொன்னால் அதையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். உங்கள் ஊகத்தைத் தனியாக, ஊகம் என்றே குறியுங்கள். காப்பீடு எடுக்கவும் இந்தப் பக்கங்களே உதவும். ஒரு நகலை வீட்டுக்கு வெளியே வையுங்கள். பொருளின் மேல் எண் எழுதவோ ஒட்டவோ வேண்டாம். சிறிய காகிதத் துண்டில் எண்ணை எழுதி டீபாட்டுக்குள் போட்டுவைத்தால் போதும்.